ஆங்கிலப் பாடம்: திரையில் எது, வகுப்பறையில் எது?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மாதத்தில் ஏறத்தாழ இரண்டு நாள்கள் வீட்டிலிருந்து கற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வகுப்பறைக் கற்றலும் இணையக் கற்றலும் சேர்ந்த இம்முறை ‘கலவைக் கற்றல்’ எனப்படுகிறது. மற்ற பாடங்களைவிட மொழிப் பாடங்களில் இது ஆசிரியர்களின் வேலையை அதிகம் மாற்றியுள்ளது. மொழியைப் படித்தால் மட்டும் போதாது, பேசியும் பழக வேண்டும் என்பதே காரணம். ஆங்கிலப் பாடத்தில் அந்த மாற்றம் எப்படி இருக்கிறது எனப் பார்ப்போம்.

எப்படி வந்தது?

பாடங்களுக்கான ‘மாணவர் கற்றல் தளம்’ 2018ல் எல்லாப் பள்ளிகளிலும் அறிமுகமானது. கொவிட்-19 பரவலால் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முதல் மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்து கற்றனர். அது நெருக்கடிகால ஏற்பாடு. 2021ன் மூன்றாம் தவணையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் கலவைக் கற்றல் நிரந்தர அம்சமாகத் தொடங்கியது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டமும் அதே ஆண்டில் விரைவுபடுத்தப்பட்டது.

பிரித்துத் தருவதே திறன்

வகுப்பறைப் பாடத்தை அப்படியே திரைக்கு மாற்றினால் ஆசிரியர் பேசுவார், மாணவர்கள் மௌனமாக இருப்பார்கள். எனவே, தனியாகச் செய்யக்கூடியது எது, மற்றவர்களோடு சேர்ந்து செய்யவேண்டியது எது என்று முதலில் பிரிக்க வேண்டியுள்ளது.

ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கட்டுரைக்கு முதல் வரைவு எழுதுவது, சொல்வளப் பயிற்சி ஆகியவை வீட்டுக்குப் பொருந்தும். ஒவ்வொருவரும் தமக்கேற்ற வேகத்தில் செல்லலாம். கலந்துரையாடல், எதிர்க்கேள்வி கேட்பது, கருத்தை மறுத்துப் பேசுவது போன்றவற்றுக்கு வகுப்பறை தேவை.

2023ல் மாற்றப்பட்ட ‘ஓ’ நிலை ஆங்கில வாய்மொழித் தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் ஒரு குறுங்காணொளியைப் பார்த்து, பத்து நிமிடம் தயார்செய்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். பிறகு தேர்வாளருடன் உரையாட வேண்டும். முதல் பகுதியை வீட்டில் பதிவுசெய்து பழகலாம். இரண்டாம் பகுதிக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

திருத்தும் சுமை

40 பேர் தலா இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்தால், அவற்றைக் கேட்க மட்டுமே 80 நிமிடம் தேவை. எல்லாவற்றுக்கும் விரிவாகக் கருத்துரை எழுதுவது கடினம். முறைவைத்துச் சிலருடைய பதிவுகளை மட்டும் ஆழமாகக் கேட்டு, பலரிடம் காணும் ஒரே குறையை அடுத்த வகுப்பில் எடுத்துப் பேசுவது ஒரு வழி. அப்படிச் செய்யும்போது, வீட்டில் செய்த வேலைக்குப் பயன் உண்டு என்பதும் மாணவர்களுக்குப் புரியும்.

எழுத்துக்குச் செயற்கை நுண்ணறிவு ஓரளவு கைகொடுக்கிறது. கற்றல் தளத்திலுள்ள ஆங்கிலக் கருத்துரைக் கருவி எழுத்துப்பிழை, இலக்கணப் பிழை போன்றவற்றைச் சுட்டுகிறது. வாதம் நம்பும்படி உள்ளதா, தொனி பொருந்துகிறதா என்பதில் ஆசிரியர் கூடுதல் நேரம் செலவிடலாம்.

யார் பின்தங்கக்கூடும்?

வகுப்பில் தயங்கும் முகத்தை ஆசிரியர் உடனே கவனித்துவிடுவார். திரையில் ‘முடித்தது’ என்ற குறி மட்டுமே தெரியும். வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசாத பிள்ளைக்கும், அமைதியான மூலை கிடைக்காத பிள்ளைக்கும் இழப்பு அதிகம். வீட்டுச் சூழல் ஏற்றதாக இல்லாவிட்டால், வீட்டிலிருந்து கற்கும் நாள்களிலும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து படிக்கலாம். இதற்குப் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரும் உதவலாம். “இன்று என்ன பதிவுசெய்தாய், போட்டுக் காட்டு” என்று கேட்டாலே, பிள்ளை இன்னொரு முறை தன் குரலைக் கேட்டுப் பார்க்கும்.