கேட்கக் கூடாத வீடு

உடுமலைப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கவோ விற்கவோ முடிவு செய்துவிட்டால் முதலில் கொத்தனார் வருவார். வாஸ்து பார்ப்பவர் வருவார். விற்பதாக இருந்தால் புரோக்கர் வருவார். மூவரும் வந்து போன பிறகுதான், வங்கி வழக்கறிஞரோ வாங்குகிறவரின் வழக்கறிஞரோ பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல பொண்ணுங்க இருக்காங்களா?" என்று கேட்பார். அப்போதுதான் தாராபுரத்துக்கும் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தொலைபேசி அழைப்பு போகும். "அம்மிணி, ஒரு கையெழுத்துதான். வந்து போட்டுட்டு, சாப்பிட்டுட்டுப் போயிரு."

அந்தக் கையெழுத்து விழுகிற காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தமிழ் நடத்துகிறவளுக்கு இந்தச் சொல்லைக் கடந்துபோவது எளிதாக இல்லை. சிறைப்பட்டவர்கள் கேட்டதும் நாடு கேட்டதும் இந்தச் சொல்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது, தன் பங்கிலிருந்து ஒரு பெண் தன்னை விலக்கிக்கொள்வதைக் குறிக்கிறது. விடுதலை அடைவது வீடு, அவளுடைய பாத்தியதையிலிருந்து.

அது எந்த வீடு என்று பார்ப்போம். கொங்குப் பகுதியின் வசதியான பழைய வீடு தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், முன்னால் திண்ணையும் ஆசாரமும், பின்னால் சமையல், அதற்கும் பின்னால் பொடக்காலி. அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு ஓட்டு வில்லை வீடு, காட்டுக்குள் சாளை. ஆசாரத்தில் ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசினார்கள், பஞ்சாயத்துப் பேசினார்கள், கடன் பத்திரம் எழுதினார்கள். பொடக்காலியில் பெண்கள் பாத்திரம் விளக்கினார்கள், துணி துவைத்தார்கள், மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கியும் இருந்தார்கள். பத்திரம் எழுதிய இடமும் பாத்திரம் விளக்கிய இடமும் ஒரே கூரைக்கு இரண்டு முனைகள். வீட்டின் வரைபடத்திலேயே சொத்துரிமையின் வரைபடமும் இருக்கிறது.

இந்த வரைபடத்தை மாற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டில் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் வந்த சட்டம் கணவனை இழந்த பெண்ணுக்கு ஒரு பங்கைக் கொடுத்தது. ஆனால் ஆயுள் காலத்துக்கு மட்டும். அவள் வீட்டில் இருக்கலாம், தன் விருப்பப்படி விற்க முடியாது. அவளுக்குப் பிறகு அது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான், 14ஆம் பிரிவின் வழியாக, பெண்ணின் கையில் இருந்த சொத்தை முழு உரிமையாக்கியது. இதைச் சிறிய செய்தியாக நினைக்கக் கூடாது. ஒரு தலைமுறை விதவைகள் தாங்கள் குடியிருந்த சுவருக்குச் சொந்தக்காரிகள் ஆனது அதனால்தான்.

அதே சட்டம் வேறோர் இடத்தில் கதவைச் சாத்தியது. அதன் 23ஆம் பிரிவைப் பற்றி நம் மாணவிகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, ஆணும் பெண்ணும் வாரிசுகளாக இருந்து, குடும்பத்தினர் மட்டுமே முழுக்கக் குடியிருக்கும் வீடாக அது இருந்தால், ஆண்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்கக் கூடாது. பங்கு உண்டு, கேட்கத்தான் கூடாது. வீடு துண்டாகிவிடும், மருமகன் என்கிற அந்நியன் உள்ளே வந்துவிடுவான் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இன்னொரு வீட்டுக்கு அந்நியளாக அனுப்பப்படுபவள் மகள்தான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அண்ணன் ஒருவன் மட்டும் இருந்தால்? பிரித்துக்கொள்ள அவனுக்கு ஆளே இல்லையே? 1996இல் உச்ச நீதிமன்றம், ஆண் வாரிசு ஒருவர்தான் என்றாலும் தடை பொருந்தும் என்றது.

அந்தப் பிரிவு மகளுக்கு ஒரு சலுகையும் கொடுத்தது. பிறந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை. யாருக்கு? திருமணமாகாதவளுக்கு, கணவனால் கைவிடப்பட்டவளுக்கு, பிரிந்து வந்தவளுக்கு, விதவைக்கு. ஊர் வாய் இவர்களை என்ன சொல்லி அழைக்கும் என்பது நமக்குத் தெரியும். 'வாழாவெட்டி' என்று ஊர் சொல்லும் நிலைக்கு வந்த பிறகுதான் பிறந்த வீட்டுத் திண்ணை அவளுக்குச் சட்டப்படி திறந்தது. நன்றாக இருக்கிற மகள் விருந்தாளி.

1989இல் தமிழ்நாடு தன் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆந்திரத்துக்கு அடுத்தபடியாக, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பிறப்பால் பங்குதாரர் என்றது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது ஆண்டுகள். நாம் பெருமைப்பட வேண்டிய சட்டம், சந்தேகமில்லை. ஆனால் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்கு 1988 தையில் கல்யாணம், தங்கைக்கு 1990 ஆவணியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் தங்கை பங்குதாரர், அக்காள் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சான தேதி சொத்துப் பத்திரத்தின் விதியை எழுதியது. 23ஆம் பிரிவையோ இந்தத் திருத்தம் தொடவே இல்லை.

சட்ட ஆணையம் 2000ஆம் ஆண்டில் தன் 174ஆம் அறிக்கையில் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. 2005 செப்டம்பர் 9 முதல் அது இல்லை. திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாடும் அன்றோடு போயிற்று. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளைக் கிளற முடியாது. ஆனால் "அப்பவே வாய்வார்த்தையாப் பேசிப் பிரிச்சாச்சு" என்பதை நீதிமன்றம் அத்தனை எளிதில் ஏற்காது. எங்கள் பக்கத்துக்கு இது மிக முக்கியமான வரி.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பிறகு ஏன் அந்தத் தொலைபேசி அழைப்பு? சீர் கொடுத்தாச்சு என்பதுதான் பதில். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு; மணமகனுக்கு இணையாக அவன் சகோதரியை நிறுத்திச் செய்யும் சடங்கு. உடன்பிறந்தவளின் இடம் இந்த வீட்டில் உண்டு என்று ஊரறியச் சொல்வதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். சடங்கில் கொடுத்த இணையைப் பத்திரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். நகையும் பாத்திரமும் ஒரு நாளில் கொடுத்து முடிந்துவிடுகிற கணக்கு. நிலமும் வீடும் விலை ஏறிக்கொண்டே இருக்கிற கணக்கு. இரண்டும் சமம் என்று நம்ப வைத்ததுதான் சாமர்த்தியம். கையெழுத்துப் போட மறுத்தால் அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாது, பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது என்கிற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யானதல்ல.

இனி வந்த வீட்டைப் பார்ப்போம். வீட்டைச் சீர்படுத்துவது என்பது பெரும்பாலும் பெண் சேர்த்த பணத்தில் நடப்பது. சிவப்புக் காவித் தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டியது, பொடக்காலி மூலையில் இருந்த கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது, சமையல் மேடை கட்டியது, எல்லாமே சீட்டுப் பணமும் வளையலும்தான். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். இந்த வட்டாரத்துப் பெண்களின் தோள்பட்டைக்குக் கிடைத்த பெரிய ஓய்வு அது. அந்தக் கிரைண்டரையும் பல வீடுகளில் பெண்ணே தவணை கட்டித்தான் வாங்கினாள். விற்கும்போது புரோக்கர் முதலில் காட்டுவது சமையலறையையும் குளியலறையையும்தான். விலை ஏறுகிறது. ஏறிய விலை பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகிறது.

எனவே சில விஷயங்களைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் தவணைக்குப் பொறுப்பு வரும். கிரையப் பத்திரத்தில் பெயர் இல்லையென்றால் உரிமை வராது. நம் ஆசிரியைகள் எத்தனை பேர் இதை அறியாமல் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கிறார்கள்! வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பெயரில் இருப்பது உரிமைப் பத்திரம் ஆகாது. கணவர் பெயரில் உள்ள வீட்டில் நகையை விற்று மாடி எடுப்பதற்கு முன், ஒரு பங்கைத் தான செட்டில்மெண்டாக எழுதித் தரச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. கொடுக்கும் பணம் வங்கி வழியாகப் போகட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய். அந்தப் பத்தாயிரத்துக்காகவாவது சில வீடுகள் பெண் பெயருக்கு வரும், வரட்டும்.

பெயரே இல்லாவிட்டாலும் வெளியே தள்ள முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் அது பொருந்தலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிச் சொன்னது.

பெயர் இருக்கிற பெண்ணுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாராயணி தேவி என்பவருக்கு 1955இல் திருமணம். மூன்றே மாதங்களில் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் வெளியேற்றினார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், சம்பாதித்துச் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். 2009இல் உச்ச நீதிமன்றம், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே என்றது. வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது, இன்றும். பிள்ளைகளும் கணவரும் இல்லாத பெண் இறந்தால், பெற்றோரிடமிருந்து வந்தது தந்தையின் வாரிசுகளுக்கு. அவளே சம்பாதித்தது கணவரின் வாரிசுகளுக்கு.

இதை மாற்ற அவள் ஓர் உயில் எழுதினால் போதும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, பதிய விரும்பினால் அண்ணன் கையெழுத்துக்கு அழைத்துப்போன அதே அலுவலகத்தில் பதியலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவள் கையெழுத்திடுவதைப் பார்த்து, அவள் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் அந்த உயிலில் எதுவும் பெறாதவர்களாக இருப்பது நல்லது.