ஆலைக்கு முன் வந்த வணிகர்கள்: எண்ணூர்–திருவொற்றியூர்ப் பட்டையும் மாநிலப் போட்டி பற்றிய ஒரு வாசிப்பும்

பெரிய ஆலைகளுக்காக இந்திய மாநிலங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1991இலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். இந்தத் தொடக்கப்புள்ளி ஆய்வுலகில் ஊன்றிப்போனதற்கு லாய்டு ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் இருவரும் 2001 மே மாதம் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை ஒரு முக்கியக் காரணம். சந்திரபாபு நாயுடுவின் பிம்பத்தை முன்வைத்து எழுதப்பட்ட அக்கட்டுரையின் வாதம் இது: திட்டப் பொருளாதாரக் காலத்தில் முதலீடு செய்ததும் இடம் தேர்ந்ததும் மத்திய அரசு. தாராளமயத்துக்குப் பின் பொதுத்துறை முதலீடு சுருங்கியது. முதலமைச்சர்கள் தனியார் மூலதனத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். கூட்டாட்சிச் சந்தைப் பொருளாதாரம் என்ற புதிய ஏற்பாடு உருவானது.

ஹைதராபாத்தில் நின்று பார்த்தால் இந்த வாசிப்பு பொருந்தும். ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் கடலோரப் பட்டையில் நின்று பார்த்தால் பொருந்தவில்லை. அங்கே அசோக் மோட்டார்ஸ் 1948இல் வந்துவிட்டது. என்ஃபீல்டு 1955இல் வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் 1965இல் உருவாகி, 1969இல் ஆலை ஓடத் தொடங்கியது. இவற்றுள் கடைசியை மட்டுமே டெல்லியின் முடிவு என்று சொல்ல முடியும். முதல் இரண்டும் தனியார் ஆலைகள். வேறு நகரங்களுக்குப் போயிருக்கக்கூடியவை. அவற்றை இங்கே இழுத்துவந்தது எது என்ற கேள்விக்கு ருடால்ஃப் இணையரின் சட்டகத்தில் இடமே இல்லை.

1991க்கு முன்பும் போட்டி இருந்தது என்று சொல்லும் முதல் ஆள் நான் அல்ல. அசீமா சின்ஹா 2005இல் வெளிவந்த தம் நூலில் குஜராத், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகியவற்றை ஒப்பிட்டு, உரிமக் காலத்திலேயே மாநிலங்கள் டெல்லியை எதிர்கொண்ட விதங்கள் வெவ்வேறாக இருந்தன என்று காட்டினார். இன்னும் வெளிப்படையான சான்று எஃகு ஆலை. 1966இல் விசாகப்பட்டினத்துக்காக ஆந்திரத்தில் நடந்த கிளர்ச்சியில் 32 பேர் உயிரிழந்தார்கள். சேலத்துக்காகத் தமிழகத்திலும் குரல் எழுந்தது. மைசூர் மாநிலம் ஹொஸ்பேட்டுக்காக நின்றது. 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி மூன்றையும் ஒரே மூச்சில் அறிவித்தார். ஒரே ஆலைக்கு மூன்று மாநிலங்கள் போட்டியிட்டு, மக்கள் உயிரையும் கொடுத்த பிறகு, ‘இடம் தேர்ந்தது டெல்லி’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஆனால் சின்ஹாவின் திருத்தமும் மாநில அரசையே நடுவில் வைக்கிறது. வடசென்னைச் சான்றுகள் வேறொரு பாத்திரத்தைக் காட்டுகின்றன: துறைமுகத்தை அண்டிப் பிழைத்த இறக்குமதி வணிகர். இதற்கு மிகத் தெளிவான சான்று திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலை. அதன் தொடக்கம் பற்றிய தகவல்களில் ஒரு முரண் இருப்பதால் அங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

பரவலாகச் சொல்லப்படும் வரலாறு இப்படிப் போகிறது: எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய அரசு 1954இல் 800 புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது; அதை நிறைவேற்ற 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நிறுவனமே வெளியிட்டுள்ள ஆண்டு வரிசையில் இருப்பது வேறு. அதன்படி கே. ஆர். சுந்தரம் அய்யரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகளோடு 1949 முதல் ராயல் என்ஃபீல்டையும் இறக்குமதி செய்து விற்றது. 1952இல் ராணுவத்திடமிருந்து அதற்கு 500 புல்லட்டுகளுக்கான ஆர்டர் கிடைத்தது. வண்டிகள் 1953 தொடக்கத்தில் ரெட்டிச்சிலிருந்து வந்து சேர்ந்தன. 1955இல் கூட்டு நிறுவனமும் திருவொற்றியூர் ஆலைக் கட்டுமானமும் தொடங்கின. 1956இல் ஆலை திறந்தது. ஆண்டு முடிவுக்குள் 163 வண்டிகள் கோக்கப்பட்டன.

800ஆ 500ஆ, 1954ஆ 1952ஆ என்பது வெறும் எண் சண்டை அல்ல. முதல் வடிவத்தை ஏற்றால் அரசின் ஆர்டர் காரணம், ஆலை விளைவு. ஆலையைக் கொண்டுவந்தது டெல்லி என்றாகிவிடும். இரண்டாம் வடிவத்தை ஏற்றால் ஆர்டர் நிறைவேறிய பிறகுதான் ஆலை வருகிறது. ராணுவத்துக்கு வேண்டிய வண்டிகள் கப்பலில் முழுதாக வந்து இறங்கிவிட்டன. அவற்றைக் கொடுக்க ஆலை தேவைப்படவில்லை. இரண்டும் தனித்தனி ஆர்டர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் 1955க்குள் ராணுவம் கேட்டவை 1,300 வண்டிகள். ஆலை முதல் ஆண்டில் கோத்த 163ஐ அதன் அருகே வைத்துப் பார்த்தால், ராணுவத்தின் அவசரத்துக்காக எழுந்த ஆலை இது என்று சொல்வது இன்னும் கடினமாகிறது. எப்படிப் பார்த்தாலும் இரண்டாம் வடிவமே வலுவானது என்பது என் முடிபு. ஆர்டருக்கும் ஆலைக்கும் இடையிலான சரியான இடைவெளி மட்டும் தீராத கணக்காகவே நிற்கிறது.

அப்படியானால் ஆலை ஏன் எழுந்தது? முழு வண்டியை இறக்குமதி செய்து விற்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1953இல் சுங்கவரி ஆணையம் மோட்டார் வாகனத் தொழிலை ஆராய்ந்து, இங்கேயே உதிரிபாகங்கள் செய்யும் திட்டம் இல்லாத, வெறுமனே கோத்து விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 1926 முதல் பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் இயங்கிய ஃபோர்டும், ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டியது இந்தச் சூழலில்தான். சந்தையைக் கையில் வைத்திருந்த ஏஜென்சி வணிகருக்கு இரண்டே வழி இருந்தது: சந்தையை விடுவது, அல்லது ஆலை கட்டுவது. மெட்ராஸ் மோட்டார்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தது. ரெட்டிச்சிலிருந்து பெட்டிகளில் பிரித்து வந்த பாகங்கள் மதராஸ் ஹார்பரில் இறங்கி, சில மைல் வடக்கே போய் வண்டியாயின. 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே என்ஃபீல்டு இந்தியா வாங்கிக்கொண்டது. நாட்டின் அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்து டெல்லி இறக்குமதியை இறுக்கிய ஆண்டும் அதுவே. இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. ஆனால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நிறுவுவதற்கு ஆண்டு ஒன்றியிருப்பது மட்டும் போதாது. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

அசோக் மோட்டார்ஸின் பாதையும் ஏறக்குறைய இதுவே. 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அந்த நிறுவனம், முதலில் ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் கோத்தது. 1950இல் லேலண்டுடன் ஒப்பந்தமானது. அங்கே கோக்கப்பட்ட முதல் லேலண்டு வண்டிகளான நான்கு காமெட் டிப்பர்களை வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை. இந்தச் சிறு தகவலை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சரண் பஞ்சாபைச் சேர்ந்தவர். நேருவின் தூண்டுதலால் தொழிலில் இறங்கியவர் என்று சொல்லப்படுகிறது. டெல்லிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால், அவருடைய ஆலை வடக்கே எங்காவது அமைந்திருக்கலாம். அது வங்கக் கடலோரம் அமைந்து, முதல் விற்பனையை அரபிக் கடலோரத் துறைமுக நகரம் ஒன்றில் கண்டது. பாகங்கள் கப்பலில் வந்தவரை, ஆலைக்கு உகந்த இடம் துறைமுகத்தின் பக்கம், வாடிக்கையாளர் தென்னகம். 1954இல் ஆண்டுக்கு 1,000 காமெட் வண்டிகளுக்கு உரிமம் கிடைத்தது. 1955இல் பெயர் அசோக் லேலண்டு ஆனது.

இங்கே ஒரு எதிர்ச்சான்றைப் பேசாமல் போவது நேர்மையாகாது. ஜாவா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்த இறக்குமதியாளர் பம்பாய்க்காரர். ஆலை எழுந்ததோ மைசூரில், 1961இல். துறைமுக வணிகரின் ஊரில்தான் ஆலை வரும் என்பது விதியானால் இது நடந்திருக்கக் கூடாது. நான் சொல்வது விதி அல்ல. ஒரு சாய்வு மட்டுமே. மைசூர் அரச குடும்பத்தின் ஆதரவு அந்தச் சாய்வை மாற்றியது. அதோடு, உரிமக் காலத்திலேயே ஓர் ஊர் இன்னோர் ஊரிடமிருந்து ஆலையைப் பறிக்க முடிந்தது என்பதற்கும் இதுவே சான்று. அவ்வகையில் ருடால்ஃப் வாசிப்பை மைசூர் திருவொற்றியூரைவிட அதிகமாகச் சோதிக்கிறது.

இன்னொரு விசையும் உண்டு. 1956இல் வந்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கையால் ஜாம்ஷெட்பூர் எஃகு நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தது. பீகாரும் வங்கமும் இதனால் இழந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மதராஸ் அடைந்ததை அவ்வளவாக எழுதவில்லை. நிலக்கரியும் இரும்பும் அருகில் இல்லாத துறைமுக நகரத்தில் லாரி செய்வது கட்டுப்படியாகும் என்றாக்கியதில் இந்தக் கொள்கைக்குப் பங்கு உண்டு. பின்னாளில் மாநிலங்கள் கொடுத்த வரிச் சலுகைக்கு முன்பே, மத்திய அரசு பெயர் சொல்லாமல் கொடுத்த சலுகை இது. சந்தை 1991இல் வந்தது என்பதைவிட, அதுவரை டெல்லி ஒரு பக்கம் சாய்த்துவைத்திருந்த தராசு அப்போது விடுபட்டது என்பதே சரி.

ருடால்ஃப் வாசிப்புக்கு மிகச் சாதகமான நிகழ்வு ஃபோர்டின் மறுவருகை. நாசிக்கில் மகிந்திராவுக்கு ஆலை இருந்தது; மகிந்திரா ஃபோர்டு என்ற கூட்டு நிறுவனத்தின் முதல் எஸ்கார்ட் கார்களும் 1996இல் அங்கேதான் வெளிவந்தன. ஆனால் முழு அளவு ஆலை 1999இல் மறைமலை நகரில் திறந்தது. ஜெயலலிதா ஆட்சியில் பேசி முடிந்ததைக் கருணாநிதி ஆட்சி தொடர்ந்தது. 1996 டிசம்பரில் ஹூண்டாய்க்கு இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழகம் ஆந்திரத்தைப் போல ஆரவாரம் செய்யாமல் அமைதியாகவே இதைச் செய்தது என்று லொரைன் கென்னடி குறித்திருக்கிறார். சலுகைகள் பெரியவை என்பதில் ஐயமில்லை. இருந்தும், மகாராஷ்டிரமும் சலுகை தரக்கூடிய மாநிலமே. துறைமுகமும் அதற்கு உண்டு. வேறுபாடு எங்கே? பாடியில் 1960களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிபாக ஆலைகளும், அவற்றில் பழகிய தொழிலாளர் தலைமுறையும் என் விடையின் முதல் பகுதி. புனேயிலும் அத்தகைய பாக ஆலைகள் உண்டு என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் சலுகையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எண்ணூரும் திருவொற்றியூரும் நாற்பது ஆண்டு ஊட்டி வளர்த்த பாகத் தொழில் இல்லாமல், சலுகை மட்டும் காட்டிச் சென்னை போட்டியில் நின்றிருக்க முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

வென்றபின் வடசென்னைக்கு என்ன கிடைத்தது என்பதை இந்த ஆய்வுகளில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது வேதனை தருகிறது. புதிய ஆலைகள் எல்லாம் தென்மேற்கே போயின. ராயல் என்ஃபீல்டே 2013இல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் ஆலை கட்டியது. வடக்குக்கு வந்தது எண்ணூர்த் துறைமுகம். அதன் பிறப்பும் ஒரு தேதியில் அடங்குவதில்லை: 1999 மார்ச்சில் பெருந்துறைமுகமாக அறிவிப்பு, அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனியாகப் பதிவு, 2001 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிப்பு, ஜூனில் வணிக இயக்கம். முதலில் அனல்மின் நிலையத்துக்கான கரித்துறைமுகமாகவே அது திட்டமிடப்பட்டது. 2010க்குப் பின் ஒரகடத்து நிசான் கார்கள் அங்கிருந்து கப்பல் ஏறின. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் தூசி கிளப்பும் சரக்குகள் நின்றபோது ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. ஆலையின் சம்பளம் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும், அதன் கரியும் லாரி நெரிசலும் கொசஸ்தலை முகத்துவாரத்துப் பக்கமுமாகப் பிரிந்தன. ஆலைகள் அமைந்த திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சென்னை வென்றது’ என்று எழுதும்போது எந்தச் சென்னை என்ற கேள்வி அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது.

இறுதியாக, என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒன்று. 2003இல் உத்தராகண்டுக்கு அறிவிக்கப்பட்ட கலால் வரி விலக்குக்குப் பிறகு, அசோக் லேலண்டு தன் புதிய பெரிய ஆலையை 2010இல் பந்த்நகரில் திறந்தது. துறைமுகத்திலிருந்து வெகுதொலைவு, தென்னிந்தியப் பாக ஆலைகளிடமிருந்து அதைவிடத் தொலைவு. சலுகை போதும், சாய்வு வேண்டாம் என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த விலக்கைக் கொடுத்தது டேராடூன் அல்ல, டெல்லி. முதலமைச்சர்களின் போட்டி உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் பத்தாண்டிலேயே, ஒரு ஆலையின் இடத்தை மத்திய வரி ஒன்று திருப்பியிருக்கிறது. அதே ஆண்டுகளில் என்ஃபீல்டு திருவொற்றியூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டவில்லை. ஒரே கடற்கரையில் ஏழு ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இரு நிறுவனங்கள் ஏன் இப்படிப் பிரிந்தன என்பதற்கு, லாரிச் சந்தை நாடெங்கும் பரவியிருப்பதும் அப்போது புல்லட் உற்பத்தி அளவு சிறியதாக இருந்ததும் காரணமாகலாம் என்று இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.