அணைய மறுக்கும் பெல்லட் அடுப்பு: காரணங்களும் பழுதறிதலும்

பெல்லட் அடுப்பு என்பது, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து அறையைச் சூடேற்றும் சாதனம். சமையலுக்கு உரியது அல்ல. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா மாற்று எரிபொருள்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வானூர்திப் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களில் இதற்கு வீட்டுக்கேற்ற வடிவம் கொடுத்தார். இன்று வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும், ஐரோப்பாவில் குறிப்பாக இத்தாலியிலும் இது பரவலாக இருக்கிறது.

விறகு அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம். இதற்கு அதுவே உயிர். சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லட்டுகள் மேலே உள்ள ஹாப்பர் என்னும் தொட்டியில் நிரப்பப்படுகின்றன. மோட்டார் சுழற்றும் ஆகர் என்ற திருகு அவற்றைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்துக்குத் தள்ளுகிறது. ஒரு ஃபேன் புகையை வெளியேற்றுகிறது. இன்னொரு ஃபேன் சூடான காற்றை அறைக்குள் ஊதுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரு கன்ட்ரோல் போர்டு ஆள்கிறது. இத்தனை உறுப்புகளில் ஏதேனும் ஒன்று ஓயாமல் இயங்கினாலும் "அடுப்பு அணையவில்லை" என்றே வீட்டார் சொல்வார்கள். அந்த ஒரே புகாருக்குள் வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. எது ஓயவில்லை என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கக் கூடாது

அடுப்பு நிற்கவில்லை என்றதும் கை தானாகவே பிளக்கை நோக்கிப் போகும். தீ எரியும்போது அப்படிச் செய்வது ஆபத்து. மின்சாரம் போனதும் புகையை வெளியேற்றும் ஃபேன் நின்றுவிடும். கிண்ணத்தில் எஞ்சியிருக்கும் பெல்லட்டுகள் போதிய காற்றின்றிப் புகைந்து, அந்தப் புகை வீட்டுக்குள் கசியலாம். அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயுவை மூக்கு கண்டுபிடிக்காது; இந்த அடுப்பு உள்ள வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆகர் நெருப்பை ஒட்டியே முடியும் மாடல்களில் தீ திருகின் வழியே ஹாப்பர் பக்கம் ஏறும் வாய்ப்பும் உண்டு.

சரியான வழி, வெப்ப அளவைக் குறைத்து, ஆஃப் செய்து, கிண்ணத்தில் இருப்பது எரிந்து தீரும்வரை ஃபேனை ஓடவிடுவதுதான். அப்போதும் பெல்லட் விழுந்துகொண்டே இருந்தால், ஹாப்பர் மூடியில் சுவிட்ச் உள்ள மாடல்களில் மூடியைத் திறந்தாலே ஆகர் நின்றுவிடும். நிற்காவிட்டால் மூடியை உடனே மூடிவிட வேண்டும்.

இயல்பான அணைவு

ஆஃப் பட்டனை அழுத்திய உடனே இந்த அடுப்பு நிற்காது, நிற்கவும் கூடாது. முதலில் ஆகர் நிற்கிறது. கிண்ணத்தில் இருப்பது எரிந்து முடிகிறது. ஃபேன்கள் மட்டும் தொடர்ந்து ஓடி அடுப்பின் உடம்பைக் குளிரவைக்கின்றன. மாடலைப் பொறுத்து இதற்குக் கால் மணி முதல் முக்கால் மணி நேரம்வரை ஆகலாம். அதற்கு முன்பே பழுது என்று முடிவுகட்டுவது அவசரம்.

பழுதென்று தவறாக நினைக்கப்படும் இன்னொன்றும் உண்டு. பல அடுப்புகளில் தெர்மோஸ்டாட்டை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்றில், அறை போதிய அளவு சூடானதும் தீ முழுவதும் அணையும். மற்றதில் தீ மிகக் குறைந்த அளவுக்கு இறங்குமே தவிர அணையாது. இரண்டாம் அமைப்பில் வைத்துவிட்டு, இரவெல்லாம் எரிகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் பலர்.

தீ அணைந்தும் ஃபேன் ஓயாவிட்டால்

அடிக்கடி நேர்வது இதுதான். தீ அணைந்துவிட்டதை போர்டு தானாக அறியாது. ஒரு சென்சார் அதற்குச் சொல்ல வேண்டும். வட அமெரிக்க அடுப்புகளில் பெரும்பாலும் இது நாணய அளவிலான வட்டச் சுவிட்ச். புகைக் குழாயின் மேலோ அதை ஒட்டியோ இரண்டு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். உள்ளே இரு உலோகங்கள் ஒட்டிய தகடு ஒன்று. ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் சூடானதும் அது வளைந்து தொடர்பை மூடும். "நெருப்பு இருக்கிறது" என்று போர்டு புரிந்துகொள்ளும். குளிர்ந்ததும் மெல்லிய கிளிக் ஓசையுடன் தகடு பழைய நிலைக்குத் திரும்பும். போர்டு ஃபேன்களை நிறுத்தும். தகடு ஒட்டிக்கொண்டால் அந்த கிளிக் வராது, ஃபேனும் நிற்காது.

சோதிப்பது எளிது. அடுப்பு முற்றிலும் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, சுவிட்சின் இரு ஒயர்களையும் விலக்கிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனை நிலைக்கு மாற்றி அதன் முனைகளில் வைக்க வேண்டும். ஆறிய நிலையில் பீப் ஒலி வந்தால் சுவிட்ச் பழுது. அதே வெப்ப அளவுள்ள புதியதைப் போட வேண்டும். அடுப்பில் அதிகச் சூட்டைத் தடுக்கும் இன்னொரு வட்டச் சுவிட்சும் இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் அதன் போக்கு நேரெதிர்: ஆறிய நிலையில் மூடியிருக்கும், சூட்டில் திறக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சுவிட்ச் நன்றாக இருந்தால் அதன் இரு முனைகளையும் யாராவது ஒரு துண்டு ஒயரால் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அடுப்பு பற்றவைத்த சிறிது நேரத்தில் தானே அணைந்துபோகும் வேறொரு பழுதுக்கு, இந்தச் சுவிட்சை ஒயர் போட்டுத் தாண்டிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. சோதனைக்காகச் சில நிமிடம் அப்படிச் செய்யலாம். அப்படியே விட்டுவிட்டால் நெருப்பு எப்போதும் இருப்பதாகவே போர்டு நம்பும். அதிகச் சூட்டுச் சுவிட்சை இப்படித் தாண்டிவிடுவது மன்னிக்க முடியாத வேலை. வீட்டைக் காக்கும் கடைசித் தடையை அது அகற்றிவிடுகிறது.

ஐரோப்பிய மாடல்கள் பலவற்றில் சுவிட்சுக்குப் பதிலாகப் புகையின் வெப்பத்தை அளக்கும் கம்பி போன்ற சென்சார் இருக்கும். அது தவறாக அளந்தால் திரையில் குளிரூட்டும் கட்டம் முடிவில்லாமல் நீளும். அறைக்குக் காற்று ஊதும் ஃபேன் பழுதானாலும் அடுப்பின் உடம்பு ஆற வெகுநேரம் பிடித்து, மற்ற ஃபேன் மணிக்கணக்கில் ஓடும்.

பெல்லட் விழுவது நிற்காவிட்டால்

இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தெர்மோஸ்டாட். அது அடுப்பின் பின்புறம் இரண்டு மெல்லிய ஒயர்களால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றைக் கழற்றியதும் அடுப்பு அணையத் தொடங்கினால், குறை தெர்மோஸ்டாட்டிலோ ஒயரிலோதான். சுவரில் ஒயரைப் பிடிக்க அடித்த ஆணி உள்ளே குத்தி இரு கம்பிகளையும் ஷார்ட் செய்திருக்கலாம். சில பேட்டரி தெர்மோஸ்டாட்டுகளில், பேட்டரி தீர்ந்ததும் உள்ளிருக்கும் ரிலே மூடிய நிலையிலேயே நின்றுவிடும். கதவிடுக்கின் குளிர்காற்று படும் இடத்தில் மாட்டியிருந்தால், அறை எவ்வளவு சூடானாலும் அது சூடு கேட்டுக்கொண்டே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் ஆகர் சுழன்றால் கன்ட்ரோல் போர்டைச் சந்தேகிக்கலாம். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவது போர்டில் உள்ள ட்ரையாக் என்ற சிறு உறுப்பு. அது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே கெடும். அப்போது போர்டு நிறுத்தச் சொன்னாலும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். ஆறிய அடுப்பை ஆஃப் நிலையில் வைத்து, பிளக்கைச் செருகியதுமே ஆகர் சுழலத் தொடங்கினால் இதுவே காரணம் என்று கொள்ளலாம். ஃபேனை வைத்து முடிவுசெய்யக் கூடாது. மின்சாரம் வந்ததும் தன்னைச் சோதித்துக்கொள்ளச் சில நிமிடம் ஃபேனை ஓட்டும் மாடல்கள் உண்டு.

ஆகர் நின்றும் கிண்ணத்தில் கங்கு வெகுநேரம் கனன்றால், சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்றுத் துளைகளை அடைத்திருக்கும். மட்டமான பெல்லட்டில் இது அதிகம். கட்டியைச் சுரண்டி எடுத்து, துளைகளைக் கம்பியால் குத்திவிட்டால் போதும்.

போர்டை மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. வட அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230 வோல்ட் அதில் ஓடுகிறது. புதிய போர்டு பொருத்தியபின் ஹாப்பரை நிரப்பாமல் ஓரிரு கிலோ பெல்லட் மட்டும் போட்டு, பற்றவைத்து, ஆஃப் செய்து, ஃபேன்கள் தாமாக நிற்கும்வரை ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.