சாய்ந்து வரும் மழை

கொல்லிமலைப் பக்கமிருந்து மழை வந்தால் சேந்தமங்கலத்தில் கிழக்கு வீட்டுத் தகரக்கூரைதான் முதலில் சடசடக்கும். அப்புறம் நம் வீடு, அதற்கப்புறம் மேற்கு வீடு. கண்ணை மூடிக்கொண்டே மழை வந்த திசையைச் சொல்லிவிடலாம்.

1938இல் பியர் ஓஜே கண்டறிந்த காஸ்மிக் கதிர்ப் பொழிவுக்கும் இதே கணக்குதான். விண்வெளியிலிருந்து வரும் ஒற்றைப் புரோட்டான் காற்றில் மோதிச் சிதற, சிதறியவை மேலும் சிதற, துகள் கூட்டம் ஒன்று மெல்லிய தட்டுப்போல ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இறங்குகிறது. தட்டு சாய்ந்திருந்தால் ஒரு கருவியை முந்தித் தொடும், அடுத்ததைப் பிந்தித் தொடும்.

நம் சமவெளிக்கு மேற்கே, ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவித் தொகுதி இதைத்தான் அளக்கிறது. அங்கே இயற்பியலாளர் பி.வி. ஸ்ரீகண்டன் காலத்தில், 1950களில் தொடங்கிய வேலை இது. இன்று சுமார் 400 கருவிகள், 8 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. பொழிவு 30 டிகிரி சாய்ந்து வந்தால் பக்கத்துக் கருவிக்கு அது போய்ச் சேரும் தாமதம் அதிகபட்சம் 13 நானோ நொடி. அந்தத் துளி நேரத்தில்தான் திசை ஒளிந்திருக்கிறது.

என்னை நெகிழவைப்பது, பொழிவில் பிறக்கும் மியூவான் என்ற துகள்களைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்கும் மியூவான் தொலைநோக்கி. 2 மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில், 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,700க்கும் மேல். ஒரு காலத்தில் இவை கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று காத்துக் கிடந்தவை. அந்தச் சோதனை முடிந்ததும் பழைய இரும்பாகப் போகாமல் மலையேறி வந்தன. பூமியின் வயிற்றுக்குள் இருந்தவை இன்று வானத்தை 169 திசைகளாகப் பிரித்துப் பார்க்கின்றன.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் ஒரு இடிமேகம் வந்தது. அதன் மின்புலத்தால் சில திசைகளில் மட்டும் மியூவான்கள் குறைந்தன. குறைந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்! இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் இருக்கக்கூடும் என்று இயற்பியலாளர் சார்லஸ் வில்சன் 1929இலேயே சொல்லியிருந்தார். அதை அளந்து காட்ட 85 ஆண்டுகள் ஆயின.

குறைவு ஒரு திசையிலிருந்து அடுத்த திசைக்கு நகர்ந்ததைத் தொடர்ந்தபோது மேகத்தின் போக்கும் பிடிபட்டது: கடல் மட்டத்திலிருந்து 11 கி.மீ.க்கு மேல், நிமிடத்துக்கு 1 கி.மீ. வேகம்.

(தொடரும்)