அன்றாட ஒலியும் மனவமைதியும்: அனலைதீவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

அன்றாட வாழ்வின் ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றைக் கோத்து இசையாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வலுப்பெற்றது. 1948 இல், பாரிஸ் வானொலியிற் பணியாற்றிய பியர் ஷாஃபெர் புகையிரத ஓசைகளைக் கொண்டு ஓர் ஆக்கத்தை உருவாக்கினார். ஓசையை அது பிறந்த சூழலினின்றும் பிரித்துக் கேட்பதே அவர் நோக்கமாயிற்று.

1969 இல், அமெரிக்கரான இர்வ் டைபல் கடலோசையை மனவமைதிக்குரிய இசைத்தட்டாக வெளியிட்டார். நேரிற் பதிந்த அலையோசை நிறைவளிக்காமையால், அது கணினியின் துணைகொண்டு திருத்தப்பட்டது.

லூக் ஃபெராரியின் வழி வேறு. அன்றைய யூகோசிலாவியாவின் கொர்சுலாத் தீவிலுள்ள வேலா லூக்கா என்னும் மீனவர் ஊரின் வைகறை ஒலிகளைப் பல நாட்கள் பதிந்து, 1970 அளவில் ஏறத்தாழ 21 நிமிட ஆக்கமாகச் சுருக்கினார். படகின் இயந்திரமும் மாந்தர் பேச்சும் சிள்வண்டின் ஒலியும் அதில் ஒருங்கே இடம்பெற்றன.

இவ்வழி அனலைதீவுக்குப் பெரிதும் பொருந்துவதாகும். தரைவழித் தொடர்பற்ற இத்தீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து இயந்திரப் படகிலேயே செல்லவேண்டும். பனையோலையின் சலசலப்பும் அலையோசையும் எவருக்கும் இதமளிக்கலாம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து கனடா முதலிய நாடுகளில் வாழும் தீவுமக்களுக்கோ, அப்படகின் இரைச்சலே வீடு அண்மித்ததை உணர்த்துவதாகும். ஆதலின், இத்தீவின் ஒலிகளைத் தொகுக்க முனைவோர் அவ்விரைச்சலை இடையூறெனக் கருதி நீக்குதல் பொருந்தாது. எவ்வொலி விலக்கப்படுகிறது என்பதைக் கொண்டே, அத்தொகுப்பு யாருடைய அமைதிக்கானது என்பதும் துணியப்படும்.