சயாம்–பருமா இருப்புப்பாதையும் போர்க்குற்ற முறைமன்றங்களும்

போர் ஓய்ந்தபின் நாடுகள் அமைதியை எய்துதற்கு இக்காலத்தார் கண்ட வழிகளுள் தலையாயவை இரண்டு. தோற்ற நாட்டின் தலைவரை முறைமன்றத்தின்முன் நிறுத்திக் குற்றம் வினவுதல் ஒன்று. இழப்பீடு பெற்றோ, அதனை விடுத்தோ உடன்படிக்கை செய்துகோடல் மற்றொன்று. இரண்டாம் உலகப் பெரும்போரின் இறுதியில் கீழ்த்திசையில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. 1946 முதல் 1948 வரை தோக்கியோவில் அமர்ந்த அனைத்துநாட்டுப் படைத்துறை முறைமன்றம் முன்னதற்கும், 1951-இல் சான்பிரான்சிஸ்கோவில் கையொப்பமான உடன்படிக்கை பின்னதற்கும் சான்றாகும். இவற்றைப் பற்றி எழுதியோர் மிகப் பலர். ஆயின் இவ்விரு வழியினும் அகப்படாது நழுவிய ஒரு கூட்டத்தாரைப் பற்றி எழுதினோர் சிலரே. மலாயாத் தோட்டங்களினின்று சயாம்–பருமா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரே அவர். அவருட் பெரும்பாலார் தமிழர். அவர்திறத்து முறைமன்றங்களும் உடன்படிக்கைகளும் யாது செய்தன என்பதே ஈண்டு ஆராயப்படும்.

சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பருமாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது அப்பாதை. பருமாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு வேண்டும் பொருள்களைக் கடல்வழியே அனுப்புதல் 1942-ஆம் ஆண்டின் நடுவில் இடர்மிக்கதாயிற்று. அதனாலேயே மலையும் காடும் ஊடறுத்துச் செல்லும் இத்தரைவழி வேண்டப்பட்டது. முடிக்கவேண்டிய கால எல்லையை 1943-இன் தொடக்கத்தில் மேலும் சுருக்கினர். அவ்வாண்டு அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. இடைப்பட்ட மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. இறந்தோருள் மிகப் பலர் அம்மழையில் மாண்டவரே.

போர்க்கைதிகள் மட்டும் இப்பணிக்குப் போதாமையின், ஜப்பானியர் ஆசியத் தொழிலாளரை நாடினர். இரப்பர் ஏற்றுமதி நின்றமையால் மலாயாத் தோட்டங்கள் வேலையும் அரிசியுமின்றி வாடிக்கிடந்த காலம் அது. தோட்டத் துரைமார் சிறைப்பட்டோ, நாட்டைவிட்டு நீங்கியோ இருந்தனர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று திங்களில் திரும்பலாம் என்று ஆசை காட்டி முதலில் ஆள் சேர்த்தனர். சென்றார் மீளாமை கண்டு மக்கள் அஞ்சத் தொடங்கியபோது, வன்முறையால் பிடித்துச் சென்றனர். கைதிகளுக்குத் தம் படையிலேயே அதிகாரிகளும் மருத்துவரும் இருந்தனர். உணவு குறைந்தவிடத்து முறையிடவும், நோயாளரைப் பிரித்து வைக்கவும், நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு கட்டளையிடவும் அவரால் இயன்றது. தோட்டத் தொழிலாளருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. இரு சாராரும் ஒரே பாதையில் ஒரே நோய்க்கு ஆட்பட்டிருந்தும், இறப்பு விழுக்காடு தொழிலாளரிடையே மிகுந்தமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம் எனலாம்.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. முறைமன்றத்தை நோக்க அதுவே பெரிது. கைதிகளின் அதிகாரிகள் இறந்தோர் பெயரையும், நாளையும், புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகள் சான்றாயின. எழுத்தறியாத் தொழிலாளரிடையே அத்தகைய பேரேடு எழவில்லை. குடும்பத்தோடு சென்று குடும்பத்தோடு மாண்டவரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் எஞ்சவில்லை.

தோக்கியோ முறைமன்றம் 1946 மே 3-ஆம் நாள் கூடியது. நடுவர் பதினொருவர், குற்றஞ்சாட்டப்பட்டோர் இருபத்தெண்மர். 1948 நவம்பரில் வெளிவந்த தீர்ப்பு இவ்விருப்புப்பாதையைத் தனிப் பகுதியாகவே எடுத்துப் பேசுகிறது. வேலையில் ஈடுபடுத்தப்பட்ட 46,000 கைதிகளுள் 16,000 பேரும், 1,50,000 தொழிலாளருள் 60,000 பேருக்குக் குறையாமலும் இறந்தனர் என்பது அத்தீர்ப்பின் கணக்கு. பிற்கால ஆய்வு இதனை மாற்றியுள்ளது. கைதிகளுள் இறந்தோர் ஏறத்தாழ 13,000 என்றும், தொழிலாளருள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என்றும் காமன்வெல்த்துப் போர்க்கல்லறை ஆணையம் கூறும். கைதிகளின் தொகை குறைந்திருப்பதும் தொழிலாளரின் தொகை கூடியிருப்பதும் நோக்கற்பாலன. ஆயினும் தொழிலாளரின் சாவைத் தீர்ப்பு மறைத்தது என்று கூறுதல் பொருந்தாது, அது கூறப்பட்டது. கூறப்பட்டும், தோஜோவின்மீது இப்பாதை குறித்துத் தனியே சார்த்தப்பட்ட குற்றம் கைதிகளைப் பற்றியதே. கைதிகளை அவ்வேலையில் ஈடுபடுத்துமாறு அவர் அறிவுரை கூறினார். அவருக்கு உறையுளும் உணவும் அமைத்திலர். கேடுகளை அறிந்த பின்னரும் ஒரு படைப்பிரிவுத் தலைவனை உசாவியதோடு நின்றார் என்று தீர்ப்பு உரைக்கின்றது. 1948 டிசம்பர் 23-இல் தூக்கிலிடப்பட்ட எழுவருள் தோஜோவும் ஒருவர்.

இவ்விடத்து இந்திய நடுவர் இராதாபினோத் பாலின் மாறுபட்ட தீர்ப்பை நோக்குதல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் விடுவித்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. படையெடுப்புப் போரைக் குற்றமெனக் கூறும் சட்டம் போர் தொடங்கியபோது இல்லை என்றும், பிறர் நாட்டை அடிமைப்படுத்தி ஆள்வோர் அதனைக் குற்றமென நடுவுநிலையில் நின்று கூறவியலாது என்றும் அவர் வாதித்தார். இவ்வாதத்தின் வலிமையை மறுத்தற்கில்லை. கொடுமைகள் நிகழ்ந்தன என்பதற்குச் சான்று மிக்குளது என்பதையும் அவரே ஒப்பினார். ஆயின் இருப்புப்பாதையில் கைதிகளை வேலைவாங்கியமை அரசின் செயல் என்றும், அது தன்னியல்பிற் குற்றமாகாது என்றும் அவர் கொண்டமை ஏற்புடைத்தன்று. அரசின் செயல் எனும் கூற்று, ஆணையிட்டவனுக்கு ஒரு கேடயமாயிற்று. ஆசியர்க்கு நேர்ந்த அநீதியைப் பேசவந்த பெருநூல் ஒன்றில், ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்ட இப்பாதை இத்துணை எளிதிற் கடக்கப்பட்டமை வியப்பே.

சிங்கப்பூரில் ஆங்கிலப் படையினர் 131 வழக்குகளை உசாவினர். 1945 சூனில் வெளியான அரசாணை அம்மன்றங்களுக்கு அடிப்படை. இருப்புப்பாதை பற்றிய பெருவழக்குகள் கைதிகளை நடுவாகக் கொண்டே நடந்தன. சான்றுரைத்தோரும் பெரும்பாலும் கைதிகளாயிருந்தவரே. இந்நாளில் இந்தியாவின் கண் வேறோரிடத்திருந்தது. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசியப் படையினர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு நாட்டையே எழுப்பியது. அப்படையிற் சேர்ந்தோருள்ளும் மலாயாத் தோட்டத் தமிழர் பலர். படையில் நின்றவனுக்கு வழக்கறிஞர் கிடைத்தனர். பாதையில் மாண்டவனுக்குக் கிடைத்திலர். ஜப்பானியரோடு நட்புக்கொண்ட இயக்கத்தின் புகழ் ஓங்கிய அந்நாளில், ஜப்பானியரால் மாண்ட இந்தியரைப் பற்றிப் பேசுதல் பலர்க்கு எளிதாயிருந்திராது என்று கருத இடமுண்டு.

இழப்பீட்டுக்கு வருவோம். 1946 அக்டோபரில் பாதையின் சயாம்ப் பகுதி 12,50,000 பவுனுக்குச் சயாம் அரசுக்கு விற்கப்பட்டது. பாதை அமைத்தற்கென ஜப்பானியர் அண்டைநாடுகளினின்று பெயர்த்துவந்த பொருள்களுக்கு ஈடாகவே அத்தொகை பயன்பட்டது. மலாயாவின் கீழைக் கரைப் பாதையிலிருந்த தண்டவாளங்களும் அங்ஙனம் பெயர்க்கப்பட்டவையே. தண்டவாளத்தோடு கொண்டுசெல்லப்பட்ட ஆளுக்கு அதிற் பங்கு இல்லை.

1951 செப்டம்பர் 8-இல் கையொப்பமான சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, அதில் விலக்கிக் கூறப்பட்டவை ஒழிந்த இழப்பீட்டு உரிமைகளை நேசநாடுகள் விட்டுக்கொடுத்தன என்கிறது. 16-ஆம் பிரிவோ, கைதிகளாயிருந்து துன்புற்ற படைவீரருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகப் பணம் வழங்க வகைசெய்தது. தோட்டத் தொழிலாளி படைவீரன் அல்லன். ஆதலின் அப்பிரிவு அவனைத் தீண்டவில்லை. மலாயாவின் சார்பில் விட்டுக்கொடுத்தது பிரித்தானியா. அம்மாநாட்டில் இலங்கைப் பேராளர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, புத்தர் அறவுரையை எடுத்துக்காட்டி இழப்பீடு வேண்டாமென்றார். மாநாட்டிற் கலந்துகொள்ளாத இந்தியா, 1952 சூன் 9-இல் தனியே உடன்படிக்கை செய்து தன் உரிமையையும் விட்டது. இவ்விரு செயலும் பெருந்தன்மையென அந்நாள் போற்றப்பட்டன. ஜப்பானிய மக்களை வறுமையினின்று காத்தற்கு அவை உதவின என்பதும் உண்மையே. ஆயினும் பொறுத்தற்குரியோன் யார் எனும் வினா எஞ்சுகிறது. மாண்டவன் பிறந்த நாடு ஒன்று, உழைத்த நாடு மற்றொன்று, அவனை ஆண்டது மூன்றாவது. மூன்றும் பொறுத்தன, அவன் மனைவி மக்களை எவரும் வினவினாரல்லர்.

விடுதலைக்குப் பின் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குருதிக்கடன் கோரிக்கை எழுந்தது. அதன் முதற் பொருள் சீனர் படுகொலையே. 1966-இல் சிங்கப்பூருடனும் 1967-இல் மலேசியாவுடனும் ஜப்பான் ஒப்பந்தம் செய்தது. மலேசியா பெற்ற இரண்டரைக் கோடி வெள்ளி கப்பல்களாக வந்தது.

சட்டம் மட்டும் இதனினின்று ஒன்று கற்றது. 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, கைப்பற்றப்பட்ட நாட்டு மக்களை வேலைக்கு வாங்கின் அந்நாட்டினுள்ளேயே வாங்குதல் வேண்டும் என்று 51-ஆம் பிரிவில் விதித்தது. மலாயாத் தொழிலாளியைச் சயாம் காட்டுக்குக் கொண்டுசெல்லுதல் அவ்விதியின்படி ஆகாது.

காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்த கற்களோடு வரிசையாய் நிற்கின்றன. தொழிலாளர் நினைவை நெடுங்காலம் தாங்கியவை வாய்மொழியும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசியத் தமிழ்ப் புதினங்களுமே. 2023 மே திங்களில் காஞ்சனபுரியில் தமிழருக்கென நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. வீழ்ந்தோன் பெயரைக் கல்லிற் பொறித்தல் நம் பழைய மரபு. இங்கோ பெயர்கள் முற்றும் தொகுக்கப்படவில்லை. தோட்டங்களின் கூலிப் பேரேடுகளுள் எஞ்சியவற்றை, போருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆட்கணக்கோடு ஒப்பிட்டு, தோட்டந்தோறும் குறைந்த பெயர்களைத் தொகுக்கும் பணி ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்கது. மலாயாவிலிருந்து தம் ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த கடிதமும் பணமும் 1942-க்குப் பின் நின்றுபோன குடும்பங்களின் செய்தியும் அதனோடு சேர்த்து ஆராயப்படல் வேண்டும்.