சென்னையின் நீராவிச் சிறப்பு ரயில்கள்

அன்றாடச் சேவையிலிருந்து விலக்கப்பட்ட நீராவி இன்ஜினைப் பழுதுபார்த்து, விழா நாளிலோ சுற்றுலாவுக்காகவோ குறுகிய தூரம் ஓட்டுவது நீராவிச் சிறப்பு ரயில் எனப்படும். சென்னையில் இத்தகைய ஓட்டங்கள், 1855இல் செய்யப்பட்ட 'எக்ஸ்பிரஸ்' (ஈ.ஐ.ஆர். 21) இன்ஜினைக் கொண்டு நடத்தப்பட்டுள்ளன. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது வடசென்னையிலுள்ள பெரம்பூர் லோகோ பணிமனை.

பின்புலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்தில் தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். திறப்பு விழாவையொட்டி விருந்தினர்களை ஏற்றிச் சென்ற ரயிலே இப்பகுதியின் முதல் சிறப்பு ரயில் எனலாம். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான சேவை நடந்தது. அடுத்த நூறாண்டுக்கு மேல் இந்திய ரயில்வேயின் பெரும்பகுதி நீராவியையே நம்பியிருந்தது. நாட்டில் நீராவி இன்ஜின் உற்பத்தி 1972இல் முடிவுக்கு வந்தது. அகலப்பாதையின் வழக்கமான நீராவிச் சேவையும் 1995இல் நின்றது. காலப்போக்கில் கரி இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்கோ மலைப் பாதைக்கோ போக வேண்டியிருந்தது.

இரட்டை இன்ஜின்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் 1855இல் கிழக்கிந்திய ரயில்வேக்கு (ஈ.ஐ.ஆர்.) செய்து அனுப்பிய இன்ஜின்களில் 21, 22 ஆகிய இரண்டும் உடன்பிறப்புகள். 22ஆம் எண் இன்ஜின் பின்னாளில் 'ஃபேரி குயின்' என்று பெயர்பெற்றது. இரண்டும் 1909இல் ஓய்வு பெற்றன.

முதலில் மறுபிறவி எடுத்தது ஃபேரி குயின். 1997இல் டெல்லிக்கும் ராஜஸ்தானின் ஆல்வாருக்கும் இடையே அது சுற்றுலா ரயிலை இழுத்தது. தொடர்ந்து இயங்கும் உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று 1998இல் கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது. 21ஆம் எண் இன்ஜினான எக்ஸ்பிரஸோ ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுராவிலும் ஒரு நூற்றாண்டு காலம் காட்சிப் பொருளாகவே நின்றது. பின்னர் பெரம்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 2010இல் ஓடும் நிலைக்குத் திரும்பியது. அடுத்த சில ஆண்டுகளில், உதிரிபாகங்கள் திருடுபோய் முடங்கிக் கிடந்த ஃபேரி குயினும் பெரம்பூருக்கே வந்து பழுது நீங்கியது.

சென்னை ஓட்டங்கள்

2010 சுதந்திர நாளன்று எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. பிற்காலத்தில் எழும்பூர்–கோடம்பாக்கம் பாதையிலும் ஓட்டங்கள் நடந்தன. 2019 பிப்ரவரியில் இதே இன்ஜின் கேரளத்தில் எர்ணாகுளத்துக்கும் கொச்சி ஹார்பர் டெர்மினஸுக்கும் இடையே ஓடியது.

நடத்தும் முறை

இன்ஜினின் அமைப்பே ஓட்டத்தின் அளவை முடிவு செய்கிறது. எக்ஸ்பிரஸில் இழுவிசை தருவது ஒரே ஒரு ஜோடிச் சக்கரம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எடையைத் தாங்குபவை மட்டுமே. இந்த அமைப்பு தண்டவாளத்தை வலுவாகப் பற்றாது, பாரம் கூடினால் சக்கரம் வழுக்கும். அதனால் சுமார் 40 பேர் அமரக்கூடிய ஒரு பெட்டிதான் இணைக்கப்பட்டது. வேகமும் மணிக்கு 40 கி.மீ. அளவில்தான் இருக்கும்.

டீசல் இன்ஜினைப் போல இதை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது. அடுப்பு மூட்டி, பாய்லரில் போதிய அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். ஓட்டம் முடிந்ததும் சாம்பலை அள்ள வேண்டும். பாதையில் நீர் நிரப்பும் பழைய குழாய்கள் இன்று இல்லாததால், நீருக்கும் தனி ஏற்பாடு வேண்டும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி செல்வதால், நீண்ட கம்பியால் தணலைக் கிளறுவதுகூட ஆபத்தாகலாம். நிமிடக் கணக்கில் புறநகர் ரயில்கள் ஓடும் பாதையில் மெதுவாகச் செல்லும் இன்ஜினுக்கு இடைவெளி ஒதுக்குவதும் எளிதல்ல. நெரிசல் குறைந்த விடுமுறை நாட்களும் ஓரிரு நிலையத் தூரமும் இதற்கு ஏற்றவை.

வடசென்னைப் பாதை

ராயபுரத்தின் வரலாற்றுச் சிறப்பைக் கருதினால், அங்கிருந்து திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியே கூடூர் செல்லும் பாதை இத்தகைய ஓட்டத்துக்கு இயல்பான இடம் என்று தோன்றும். ஆனால் புறநகர் வண்டிகளும், டெல்லி, ஹவுரா செல்லும் விரைவு ரயில்களும், துறைமுகச் சரக்கு ரயில்களும் அதே தடத்தில் நெருக்குகின்றன.

நீலகிரியுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் நீராவி இன்னும் அன்றாட வேலை செய்யும் பாதை, மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில். 46 கி.மீ. நீளமுள்ள இப்பாதை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையிலான ஏற்றத்தில், பல்சக்கரம் கொண்ட எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளுகின்றன. இங்கே முழு ரயிலையும் தனியாக வாடகைக்கு எடுக்க முடியும். 2018இல் வெளிநாட்டுப் புதுமணத் தம்பதியர் அப்படிப் பயணம் செய்தனர். திருச்சி பொன்மலைப் பணிமனை இப்பாதைக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே கட்டித் தந்திருக்கிறது.

முக்கியத்துவம்

நாள்தோறும் ஓடுவதால் நீலகிரியில் நீராவித் தொழில் கைமாறிக்கொண்டே வருகிறது. சமவெளியில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது. பாய்லர் வேலை, அடுப்பைக் காக்கும் ஃபயர்மேனின் பக்குவம், கடையில் கிடைக்காத உதிரிபாகத்தை வார்த்தெடுக்கும் திறன் ஆகியவை வேலை செய்யும் ஒரு இன்ஜின் இருக்கும்வரைதான் பணிமனையில் தங்கும். ஒரே பெட்டியுடன் சில கிலோமீட்டர் போய்வரும் ஓட்டம் பயணிகளுக்கு ஒரு மணி நேர உல்லாசம். பணிமனைக்கு அதுவே அந்தக் கைவேலையைத் தக்கவைக்கும் பயிற்சி.